வானிலிருந்து தெரியும் ஈமக்காடுகள்: பயிர்த்தடங்களும் பொருநைக்கரையும் – முக்கியக் குறிப்புகள்

(டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு, குடிமைப்பணித் தேர்வுகளில் தமிழக வரலாறும் தொல்லியலும் படிப்போருக்கு)

ஆதிச்சநல்லூரில் யார், எந்த ஆண்டில் அகழ்ந்தார் என்பதைப் பலரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். மண்ணுக்குள் கிடக்கும் ஈமக்காட்டை மேலிருந்து எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால் தடுமாறுவார்கள். அந்தக் கேள்விக்குப் பயிர்த்தடம் ஒரு விடை. ஆனால் மேலைநாட்டுப் பாடநூலில் உள்ள பயிர்த்தட விதியை அப்படியே தாமிரபரணிக் கரைக்குப் பொருத்தினால் விடை தவறாகிவிடும். இங்கே பார்க்க வேண்டிய இடம் நெல்வயல் அல்ல. பரம்பும் மானாவாரி நிலமும்தான். இக்குறிப்புகள் முழுவதும் இந்த ஒரு கருத்தையே மையமாகக் கொண்டவை.

1. அடிப்படை வரையறைகள்

• வான்தொல்லியல்: பலூன், விமானம், ட்ரோன், செயற்கைக்கோள் ஆகியவற்றிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு தொல்லிடங்களைத் தேடுவதும் பதிவுசெய்வதும்.

• பயிர்த்தடம்: மண்ணுக்கடியில் உள்ள குழி, அகழி, சுவர், கற்குவை போன்றவற்றால் மேலே வளரும் பயிரின் உயரம், நிறம், முற்றும் காலம் ஆகியவற்றில் உண்டாகும் வேறுபாடு. தரையில் நிற்பவருக்கு இது பெரும்பாலும் தெரியாது. உயரத்திலிருந்து பார்க்கும்போது அதன் வடிவம் புலப்படும்.

• மண்தடம்: உழுத வெறும் நிலத்தில் மண்ணின் நிறமாற்றத்தால் தெரிவது.

• ஈரத்தடம்: மழை பெய்து நிலம் காயும்போது சில பகுதிகள் மட்டும் ஈரம் தாங்கி இருண்டு தெரிவது.

• நிழல்தடம்: காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது சிறு மேடுகளும் பள்ளங்களும் நிழலால் வெளிப்படுவது.

• ஈமக்காடு: இறந்தோரைப் புதைத்த பரந்த நிலப்பகுதி. தாழிகள் மிகுந்த இடத்தைத் தாழிக்காடு என்றும் சொல்வர்.

• பரம்பு: ஆற்றுப் பாசனம் ஏறாத, சரளும் கல்லும் கலந்த மேட்டு நிலம். சிவகளையின் ஈமக்காடு ‘சிவகளைப் பரம்பு’ என்றே அழைக்கப்படுகிறது.

• திரடு: சுற்றுநிலத்தைவிட உயர்ந்த மண்மேடு. பழைய வாழ்விடங்கள் பல இப்பெயருடன் வழங்குகின்றன.

2. பயிர்த்தடம் உண்டாகும் முறை

• அடிப்படைக் காரணம் நீர். பயிரின் வேர் எட்டும் ஆழத்தில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது. சத்து மிகுந்த மண்ணும் துணைக் காரணம்.

• நேர்த்தடம்: பழங்காலத்தில் தோண்டிப் பின்னர் மூடிய குழியிலும் அகழியிலும் மண் ஆழமாகவும் பொலபொலப்பாகவும் இருக்கும். அங்கே ஈரம் நிற்கும். அதன்மேல் உள்ள பயிர் உயரமாகவும் அடர்பச்சையாகவும் வளரும், தாமதமாகப் பழுக்கும்.

• எதிர்த்தடம்: சுவர், கற்பலகை, கற்குவை ஆகியவற்றின் மேல் மண் மெல்லிய அடுக்காகவே இருக்கும். வேர் இறங்க இடமில்லை. பயிர் குட்டையாகி, மற்றவற்றுக்கு முன்பே மஞ்சளாகும்.

• சுருக்கச் சூத்திரம்: குழி என்றால் பச்சை, நேர்த்தடம்; கல் என்றால் மஞ்சள், எதிர்த்தடம்.

• வறட்சி ஆண்டுகளில் தடங்கள் துலங்கும். எங்கும் ஈரம் நிறைந்திருந்தால் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி வளரும், வேறுபாடு மறையும். நீர்ப்பற்றாக்குறையே தடத்தை வரைகிறது என்பதை மறக்கக் கூடாது.

• நெருக்கமாக விதைக்கும், வேர் ஆழமாக இறங்கும் தானியப் பயிர்கள் இதற்கு ஏற்றவை. ஐரோப்பாவில் வாற்கோதுமையும் கோதுமையும் முதலிடம் பெறுகின்றன.

• ஒரே நிலத்தில் ஓர் ஆண்டு தெரிந்த தடம் மறு ஆண்டு தெரியாமல் போகலாம். மழையும் பயிரும் உழவும் மாறுவதே காரணம். அதனால் ஒரு படத்தைப் பார்த்து இங்கே எதுவும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பல ஆண்டுப் படங்களை ஒப்பிட வேண்டும்.

3. உலக அளவில் – ஆண்டும் நிகழ்வும்

• 1906: இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் பெருங்கல் வட்டத்தை லெப்டினன்ட் பி. எச். ஷார்ப் பலூனிலிருந்து படம் எடுத்தார்.

• 1920: ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வேயில் முதல் தொல்லியல் அலுவலராகப் பொறுப்பேற்றார். வான்தொல்லியலின் முன்னோடி இவர். 1927இல் ‘ஆன்டிக்விட்டி’ இதழைத் தொடங்கினார்.

• 1925: விமானப்படை அலுவலர் இன்சால் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே ஒரு வயலைப் பறந்தபடி பார்த்தபோது, வட்டத்துக்குள் புள்ளிகள் வரிசையாக அமைந்திருப்பதைக் கண்டார். பின்னர் மாட் கன்னிங்டன் தம் கணவருடன் அங்கே அகழ்ந்தார். மரக்கம்பங்கள் நட்ட குழிகளே அப்புள்ளிகள் என உறுதியானது. அவ்விடம் ‘வுட்ஹெஞ்ச்’ எனப்படுகிறது. வானில் கண்டதை மண்ணில் உறுதிசெய்த செவ்வியல் சான்று இது.

• 1928: கிராஃபோர்டும் அலெக்சாண்டர் கெய்லரும் இணைந்து ‘வெசெக்ஸ் ஃப்ரம் தி ஏர்’ நூலை வெளியிட்டனர்.

• 2018 ஜூலை: அயர்லாந்தில் கடும் வறட்சி. நியூகிரேஞ்ச் பெருங்கல்லறைக்கு அருகே பயிர்நிலத்தில் பெரிய வட்ட அமைப்பு ஒன்றை ட்ரோன் படங்கள் காட்டின. கண்டறிந்தவர்கள் அந்தோணி மர்ஃபியும் கென் வில்லியம்சும்.

• பிரிட்டனில் உழுது தரைமட்டமான புதைமேடுகளைக் காட்டிக்கொடுப்பது அவற்றைச் சுற்றித் தோண்டிய வட்ட அகழி. பயிரில் அது பச்சை வளையமாகத் தெரியும். தாமிரபரணிக் கரையின் தாழிக்காட்டில் ஒவ்வொரு தாழியைச் சுற்றியும் அத்தகைய அகழி இல்லை. வளையத்தைத் தேடுபவர் இங்கே ஏமாறுவார்.

4. தாமிரபரணிப் பள்ளத்தாக்கு – நில அமைப்பு

• பழம்பெயர் பொருநை, தண்பொருநை. பிறப்பிடம் பொதிகை மலை. நீளம் சுமார் 128 கி.மீ. புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

• துணையாறுகள்: சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு முதலியன.

• அணைக்கட்டுகள் எட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை.

• நெல் பருவங்கள்: கார், பிசானம்.

• நிலத்தை மூன்றாகப் பிரித்துப் படிக்கலாம்: (அ) ஆற்றங்கரை நன்செய் – நெல்லும் வாழையும், (ஆ) பரம்பும் மானாவாரிப் புன்செய்யும் – சரள், செம்மண், வடக்கே கரிசல், (இ) கடலோரத் தேரி – செம்மணல் மேடு.

• 1986 அக்டோபர் 20 அன்று தூத்துக்குடி மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றும் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளன. பழைய ஆங்கில நூல்களில் இவை ‘தின்னவேலி’ மாவட்டத்து ஊர்களாகக் குறிக்கப்படும். பொருத்துக வினாவில் இது குழப்பும்.

5. ஆதிச்சநல்லூர்

• தாமிரபரணியின் தென்கரை. திருநெல்வேலியிலிருந்து சுமார் 24 கி.மீ. ஸ்ரீவைகுண்டம் வட்டம்.

• 1876: பெர்லினைச் சேர்ந்த டாக்டர் ஜாகோர் இங்கே தோண்டி, பொருள்களைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்.

• 1899–1905: அலெக்சாண்டர் ரீ முறையான அகழாய்வு நடத்தினார். ஈமக்காட்டின் பரப்பை 114 ஏக்கர் என்று பதிந்தார். அவருடைய பொருட்பட்டியல் 1915இல் வெளிவந்தது. ஆதிச்சநல்லூருடன் பெரும்பேர் ஊரின் பொருள்களும் அதில் இடம்பெற்றன.

• கிடைத்தவை: முதுமக்கள் தாழிகள், பொன் நெற்றிப்பட்டங்கள், விலங்கும் பறவையும் அமைந்த வெண்கலக் கலங்கள், இரும்பு வாள், வேல், சூலம், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், உமி.

• 1903–04: பிரான்சின் லூயி லாபிக் இங்கே ஆய்வு செய்தார்.

• 2004–05: இந்தியத் தொல்லியல் துறையின் தி. சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழாய்வு. 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பெண், மான், முதலை, நெற்பயிர் ஆகியவை புடைப்பாக ஒட்டப்பட்ட பானை ஓடு குறிப்பிடத்தக்கது.

• 2019: அந்த அகழாய்வின் மாதிரிகளுக்கு அமெரிக்க ஆய்வகம் தந்த கரிமக் கணிப்பு வெளியானது: கி.மு. 905, கி.மு. 696.

• 2020: மத்திய நிதிநிலை அறிக்கையில் தலத்திலேயே அருங்காட்சியகம் அமையும் 5 இடங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மற்றவை ராக்கிகடி, ஹஸ்தினாபூர், சிவசாகர், தோலாவிரா.

• 2021இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழத் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 5 அன்று அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

• தலைப்புக்கு மிக முக்கியமான செய்தி: மேலே சரளைக்கல் கலந்த மெல்லிய மண், கீழே பாறை. அந்தப் பாறையைக் குடைந்து தாழிக்குத் தனிக்குழி அமைத்திருந்ததை ரீ பதிந்துள்ளார். எனவே குழிக்குள் மண்ணும் ஈரமும் கூடுதல்; குழிக்கு வெளியே பாறை. பயிரோ புல்லோ வளர்ந்தால் இங்கே எதிர்பார்க்க வேண்டியது நேர்த்தடம்.

6. சிவகளை, கொற்கை, தேரி

• சிவகளை: தாமிரபரணியின் வடகரைப் பக்கம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020 முதல் அகழாய்வு செய்தது. பரம்பில் ஈமக்காடு, அதை அடுத்த திரடுகளில் வாழ்விடம்.

• 2021 செப்டம்பர் 9: சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனச் சட்டப்பேரவையில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். பொருநை அருங்காட்சியகம் பற்றிய அறிவிப்பும் அப்போதே வந்தது.

• 2025 ஜனவரி 23: ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை வெளியீடு. ஆசிரியர்கள் கா. ராஜன், ரா. சிவானந்தம். சிவகளை மாதிரிகளில் மிகப் பழையது கி.மு. 3345. அதே அறிக்கையில் ஆதிச்சநல்லூர் கி.மு. 2517, மயிலாடும்பாறை கி.மு. 2172, கீழ்நமண்டி கி.மு. 1692.

• கொற்கை: பாண்டியரின் துறைமுகம். ராபர்ட் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. கரிமக் கணிப்பு கி.மு. 785. கடலும் ஆறும் இடம் மாறியதால் ஊர் இன்று கடலிலிருந்து விலகி உள்ளது.

• தேரி: சாயர்புரம், குட்டம்புளி முதலிய இடங்களில் நுண்கற்கருவிகள். எஃப். இ. சாய்னர், பி. ஆல்ச்சின் இருவரின் ஆய்வுக் கட்டுரை 1956இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழில் வந்தது. இவை கருவி கிடைத்த இடங்கள், தாழிக்காடுகள் அல்ல.

• துலுக்கர்பட்டி: திருநெல்வேலி மாவட்டம், நம்பியாற்றுப் படுகை. 2022 முதல் அகழாய்வு. தாமிரபரணிக் கரையில் உள்ளதாக எழுதிவிடக் கூடாது.

• கவனிக்க: ஆதிச்சநல்லூரும் சிவகளையும் தரையில் கண்டறியப்பட்டவை. பயிர்த்தடத்தால் கண்டுபிடிக்கப்பட்டவை என்று எழுதினால் விடை தவறு. இவ்விரண்டின் மண்ணமைப்பை அறிந்துகொண்டு, இன்னும் பதிவாகாத ஈமக்காடுகளை வான்படத்தில் தேடலாம் என்பதே சரியான கூற்று.

7. ஈமச்சின்ன வகையும் வானிலிருந்து எதிர்பார்க்கும் தோற்றமும்

• முதுமக்கள் தாழி: தனித்தாழியின் வாய் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஒற்றைத் தாழி படத்தில் தெரிவது அரிது. பல தாழிகள் நெருங்கியிருந்தால் ஒழுங்கற்ற பச்சைத் திட்டுகளாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

• கல்வட்டம்: கற்கள் எஞ்சியிருந்தால் நேரடியாகவே வளையமாகத் தெரியும். கற்கள் மண்ணுக்குள் இருந்தால் மஞ்சள் புள்ளிகள் வளையமாக அமையும்.

• கற்குவை: வட்ட வடிவ எதிர்த்தடம், சாய்வெயிலில் நிழல்தடம்.

• கற்பதுக்கை: நிலத்துக்குள் பலகைக் கற்களால் ஆன பெட்டி. சிறு செவ்வக எதிர்த்தடம்.

• கல்திட்டை, நெடுங்கல்: நிலத்துக்கு மேலே நிற்பவை. பயிர்த்தடம் தேவையில்லை, நிழலே காட்டும்.

• ஈமப்பேழை: சுட்ட மண்ணால் ஆன, கால்கள் கொண்ட நீள்பெட்டி. வட தமிழகத்தில் மிகுதி.

• இலக்கியத் தொடர்பு: புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி செய்யும் குயவரை விளித்துப் பாடியவை. மணிமேகலை ஈமமுறைகள் ஐந்தைச் சொல்கிறது. தாழியிட்டு மூடுவது அவற்றுள் ஒன்று.

8. நெல்வயலில் ஏன் தேடக் கூடாது?

விரிவான விடை கேட்கும் தேர்வுகளில் மதிப்பெண் தரக்கூடிய பகுதி இது. காரணங்களை வரிசையாக எழுதப் பழகுங்கள்.

• நீர் கட்டிய வயலில் வறட்சி இல்லை. வேருக்கு எங்கும் ஒரே அளவு நீர். வேறுபாடு தோன்ற இடமே இல்லை.

• தொளி உழவில் மேல்மண் கலங்கிச் சேறாகிறது. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ இது நடக்கிறது. மேலடுக்கின் பழைய தடயம் கலைந்துவிடும்.

• சேற்றுக்குக் கீழே இறுகிய அடுக்கு உருவாகிறது. நெல்லின் வேர் பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது. கீழே உள்ள குழியைப் பயிர் அறியவே வாய்ப்பில்லை.

• ஆற்றுப் பெருக்கில் வண்டல் படிந்து பழைய நிலமட்டம் ஆழத்தில் போயிருக்கும்.

• ஆதிச்சநல்லூரும் சிவகளைப் பரம்பும் மேட்டு நிலங்கள். பாயும் நீருக்கு உரிய வளநிலத்தில் பயிரிட்டு, பாயாத மேட்டில் புதைத்த ஏற்பாட்டை இவை காட்டுகின்றன. தேடலும் அந்த ஏற்பாட்டைப் பின்பற்ற வேண்டும்.

• வாழைத் தோட்டம் பயன்படாது. கன்றுகளுக்கு இடையே இடைவெளி அதிகம்; அகன்ற இலை நிலத்தை மறைக்கும். தென்னந்தோப்பும் அப்படியே.

• சீமைக்கருவேல் மூடிய பரம்பில் சாதாரணப் படம் எதையும் காட்டாது. அங்கே லைடார் உதவலாம். லேசர் கதிர் இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்புவதால் மேடுபள்ளம் அளவாகிவிடும். ஆனால் மேட்டடையாளம் இல்லாத தாழிக்குழியை லைடாரும் காட்டாது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

• மானாவாரியாக உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம் விதைத்த நிலங்கள்; மழைக்குப் பின் புல் முளைத்த பரம்புத் தரை.

• வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஓய்ந்து நிலம் காயத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பயிரும் புல்லும் ஒரே சீராக வாடுவதில்லை. குழியின் மேல் பச்சை சில நாள் கூடுதலாக நிற்கும். அதுவே படம் எடுக்க ஏற்ற பொழுது.

• கரிசல் நிலத்தில் கவனம் தேவை. கோடையில் தானாகவே வெடித்து விரியும் மண் அது. வெடிப்புக் கோடுகளைப் பழைய அமைப்பு என்று கொள்ளக் கூடாது.

9. ஏமாற்றும் தடங்கள்

வட்டமாகத் தெரிவதெல்லாம் ஈமச்சின்னம் ஆகாது. இப்பகுதியில் மீண்டும் மீண்டும் குழப்பக்கூடியவை:

• ஆட்டுக்கிடை போட்ட இடம்: சாணமும் மூத்திரமும் சேர்ந்து அடுத்த பயிரை அடர்பச்சையாக்கும். எல்லை தெளிவான திட்டாகத் தெரியும். நேர்த்தடத்துக்கு மிக நெருங்கிய போலி இதுதான்.

• களத்துமேடு, வைக்கோல் படப்பு இருந்த இடம்: இறுகிய தரையால் வட்ட வடிவ மஞ்சள் திட்டு.

• தூர்ந்த கிணறு, வேரோடு எடுத்த பனையின் குழி: வட்டமான பச்சைத் திட்டு.

• கறையான் புற்று உழுது பரவிய இடம்.

• செங்கல் சூளை, கரிமூட்டம் போட்ட இடம்: சுட்ட மண். காந்த அளவியிலும் தாழிபோல் குழப்பும்.

• சரள் தோண்டிய குழி, தூர்ந்த வாய்க்கால், பழைய ஆற்றுத்தடம், வண்டித்தடம், குழாய் பதித்த கோடு.

• சோதனை: ஊர்ப் பெரியவர்களிடமும் நிலத்தை உழுபவர்களிடமும் கேட்பது. கிடை எங்கே போட்டார்கள், களம் எங்கே இருந்தது, கிணறு எப்போது தூர்ந்தது, உழும்போது பானை ஓடு எங்கே தட்டுப்பட்டது என்பதை அவர்களே அறிவார்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் படத்தை மட்டும் நம்பும் ஆய்வு முழுமையானதன்று.

10. படங்களும் அளவும்

• செங்குத்துப் படம்: கேமரா நேர்கீழே பார்ப்பது. அளவெடுக்கவும் வரைபடம் ஆக்கவும் ஏற்றது.

• சாய்கோணப் படம்: பக்கவாட்டில் பார்ப்பது. தடம் துலங்கித் தெரியும், அளவு திரிந்திருக்கும்.

• படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு பரப்பைக் காட்டுகிறது என்பதே படத்திறன். லேண்ட்சாட் 30 மீ., சென்டினல்-2 10 மீ., கார்ட்டோசாட்-1 (2005) 2.5 மீ., கார்ட்டோசாட்-3 (2019) 0.25 மீ.

• தேடும் பொருள் படத்தில் பல புள்ளிகளாவது விரிய வேண்டும். ஒரு மீட்டர் தாழிக்குழியை 10 மீட்டர் படத்தில் தேடுவது வீண். பரம்பு எங்கே, பழைய ஆற்றுத்தடம் எங்கே என்று அறிய அப்படம் போதும். குழியைத் தேட, சில சென்டிமீட்டர் திறன் தரும் ட்ரோன் படம் வேண்டும்.

• கொரோனா: 1960–72 காலத்து அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்கள். 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டன. குடியிருப்பும் சரள்குழியும் பெருகுவதற்கு முந்தைய நிலத்தைக் காட்டுவதால் தொல்லியலுக்குப் பெருமதிப்புடையவை.

• புவன்: ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் வரைபட வாயில், 2009இல் தொடங்கியது.

• பசுமைக் குறியீடு: நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் குறியீடு கிடைக்கும். மதிப்பு –1 முதல் +1 வரை. கண்ணுக்குத் தெரியுமுன்பே பயிர் வாடுவதை இது காட்டக்கூடும்.

11. தடயத்திலிருந்து உறுதி வரை – படிநிலைகள்

1. பழைய நிலவரைபடம், ஊர்ப்பெயர், புலப்பெயர், முந்தைய ஆய்வறிக்கை ஆகியவற்றைத் திரட்டல்.

2. பல ஆண்டு, பல பருவப் படங்களை ஒப்பிடல்.

3. ஐயத்துக்குரிய தடத்தைப் புவியிட ஆயத்தொலைவுடன் குறித்தல்.

4. களத்தில் நடந்து பார்த்தல்: தடித்த தாழி ஓடு, கறுப்பு-சிவப்பு ஓடு, இரும்புக் கசடு, எலும்புத் துண்டு. எதையும் இடம் பெயர்க்காமல் பதிவுசெய்தல்.

5. நிலத்தைத் தோண்டாத ஆய்வு: காந்த அளவி, மின்தடை அளவி, தரை ஊடுருவு ரேடார். சுட்ட மண்ணாலான தாழியும் இரும்பும் காந்த அளவியில் மாறுதல் காட்டும்.

6. உரிமம் பெற்ற துறை நடத்தும் சோதனைக்குழி, அகழாய்வு.

7. காலக்கணிப்பு: கரிமப் பொருளுக்கு ஏஎம்எஸ் முறை, மட்கல ஓட்டுக்கும் மண்ணுக்கும் ஒளிக்கிளர்வு முறை.

• 1, 2, 3 முடிந்த நிலையில் எழுத வேண்டிய சொல் ‘ஈமக்காடாக இருக்கலாம்’. 4, 5 சாதகமானால் ‘ஈமக்காடாக இருக்க மிகுந்த வாய்ப்பு’. 6 முடிந்தால்தான் ‘ஈமக்காடு’. காலத்தைப் படம் ஒருபோதும் சொல்லாது. 7ஆவது படியே சொல்லும்.

12. சட்டக் குறிப்புகள்

• 1878: இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய் மதிப்பைத் தாண்டிய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

• 1958: பழமையான நினைவுச்சின்னங்கள், தொல்லியல் களங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம். 2010 திருத்தம்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீ. தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீ. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

• 1966: இதே நோக்கிலான தமிழ்நாடு மாநிலச் சட்டம்.

• 1972: தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம். பொதுவாக 100 ஆண்டும் கையெழுத்துச் சுவடிக்கு 75 ஆண்டும் கடந்தால் தொல்பொருள்.

• 2021: ட்ரோன் விதிகள். 250 கிராம் வரை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கலாம்.

• ஐயத்துக்குரிய இடத்தின் துல்லியமான ஆயத்தொலைவைச் சமூக ஊடகத்தில் வெளியிடக் கூடாது. தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிவிப்பதே முறை. புதையல் தேடுவோரின் ஓர் இரவு வேலை, மூவாயிரம் ஆண்டுச் சான்றை அழித்துவிடும். தாழி உடைந்தால் ஓடு மிஞ்சும். அது இருந்த நிலையும் உள்ளே இருந்த வரிசையும் திரும்பக் கிடைக்காது.

• சரள் குவாரி, மனைப்பிரிவு, சாலை விரிவாக்கம் மூன்றும் பரம்புகளுக்கு உள்ள முதன்மை அச்சுறுத்தல்கள். வான்படத் தேடலின் பெரும்பயன் இங்கேதான்: இயந்திரம் இறங்குமுன் இடத்தைக் குறித்துவிடலாம்.

13. மாதிரி வினா – விடை

1. குழியின் மேல் வளரும் பயிர் எப்படித் தெரியும்? – உயரமாக, அடர்பச்சையாக, நேர்த்தடம்.

2. வுட்ஹெஞ்சை வானிலிருந்து கண்டவர் யார், எந்த ஆண்டு? – இன்சால், 1925.

3. ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டின் பரப்பாக ரீ பதிந்தது எவ்வளவு? – 114 ஏக்கர்.

4. கி.மு. 1155 என்ற காலம் எதற்கு உரியது? – சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்.

5. கி.மு. 785 எந்த ஊருக்கு உரிய கரிமக் கணிப்பு? – கொற்கை.

6. கூற்று: நீர் கட்டிய நெல்வயலில் பயிர்த்தடம் தெளிவாகத் தெரியும். காரணம்: அங்கே பயிருக்கு நீர்ப்பற்றாக்குறை இல்லை. – கூற்று தவறு, காரணம் சரி.

7. நில அடுக்கைத் தோண்டாமல் தாழியைக் கண்டறிய உதவும் கருவி ஒன்று? – காந்த அளவி.

8. பயிர்த்தடத்தை மட்டும் வைத்து ஒரு களத்தின் காலத்தைக் கணிக்கலாமா? – முடியாது.

9. விரிவான விடை: ‘தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பயிர்த்தட ஆய்வின் பயனும் எல்லையும்.’ விடைச் சட்டகம்: வரையறை 2 வரி, நேர்த்தடம், எதிர்த்தடம் ஒரு சிறு படத்துடன், ரீ பதிந்த பாறைக்குழியை நேர்த்தடத்துடன் இணைத்தல், நன்செய் பயன்படாததற்கு 3 காரணம், பரம்பு, மானாவாரி, ஜனவரி–பிப்ரவரி என்ற பரிந்துரை, ஆட்டுக்கிடை உட்பட 3 போலித் தடங்கள், ஏழு படிநிலைகள், 1958, 1972 சட்டங்கள். முடிவுரையில், நன்செய்யை மட்டும் பார்த்து வளம் அளக்கும் கண்ணுக்குப் பரம்பு தரிசாகத் தெரிந்தாலும், இப்பள்ளத்தாக்கின் பழைய ஈமச்சான்றுகள் அங்கேதான் உள்ளன என்றும், வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதப்பட்ட பரம்பு ஒவ்வொன்றையும் மண் அள்ள உரிமம் தருமுன் வான்படத்தாலும் கள ஆய்வாலும் சரிபார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.